வெள்ளவத்தையின் தோசைக்கடைகள்

கொழும்பின் உணவை மாற்றியது குடியேறி வந்தவர்களின் வீட்டு அடுப்பைவிட அவர்கள் திறந்த கடைதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சைவக் கடைகளைப் பாருங்கள். உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியவர்களுக்கு மலிவாக, விரைவாகச் சாப்பாடு வேண்டியிருந்தது. தோசையும் இடியப்பமும் அதற்குப் பொருந்தின. சுடச்சுடத் தோசை, மேலே ஊற்றிய சாம்பார், ஓரத்தில் செத்தல் மிளகாய் சேர்த்து அரைத்த சிவந்த சம்பல்: இன்று சிங்களவரும் முஸ்லிம்களும் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒடியல் கூழோ அப்படிப் பரவவில்லை. மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சி, சுற்றமெல்லாம் கூடியிருந்து குடிப்பது அது. அவசரக்காரருக்கு விற்கத் தோதில்லை.

யாழ்ப்பாணத்தார் குடியேறிகளா, சொந்த நாட்டுக்குள் இடம் மாறியவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமையில் அவர்கள் அந்நியரல்லர். ஆனால் சமையல் மாற ஊர்விட்டு ஊர் வந்தாலே போதும். கடல் கடந்து வந்தவர்கள் தந்ததும் உண்டு: மலாயரின் வட்டிலப்பம், பறங்கியரின் வாழையிலைப் பொதியான லம்பிரைஸ். உணவை ஏற்றால் மனிதரையும் ஏற்பார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது, தோசை நகரத்துக்கு நன்றாகப் பழகியிருந்தது. அதன் பிறகும் கடைகள் திறந்தன. உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் அவற்றை நிறைத்தார்கள்.