இம்ப்ளான்ட் இஎம்ஐ முடிஞ்சுது, பாக்டீரியா முடியல

போன வீடியோவில் ஹெல்த் இன்சூரன்ஸ் பற்றிப் பேசும்போது பல் சிகிச்சையை ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எங்க வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

என் சித்தப்பா திருப்புட்குழியில் பட்டுத் தறி நெய்கிறவர். காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு ரோட்டில் போனால் வருகிற ஊர். ஜடாயுவுக்கு ராமர் இறுதிக்கடன் செய்த இடம் என்பார்கள். புள் என்றால் பறவை, பெயரே அப்படி வந்ததுதான். சித்தப்பாவுக்கு சுகர் உண்டு. ஈறு வீங்கி, ஆடி, ஒரு கடைவாய்ப் பல் போனது. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். 35,000 ரூபாய், 12 மாத 'நோ காஸ்ட்' இஎம்ஐ. மாதம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் வருஷம் இம்ப்ளான்ட் ஆட ஆரம்பித்தது. வலியே இல்லை. "டேய், இரும்புக்கு எப்படிடா சீக்கு வரும்?" என்றார்.

இரும்பு இல்லை, டைட்டானியம். எலும்போடு அது ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் ஸ்வீடன் டாக்டர் பிரோனேமார்க். 1965-ல் முதல் நோயாளிக்குப் பல்லாகப் பொருத்தினார். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, உண்மை. ஆனால் பாக்டீரியாவுக்கு அது பல்லா உலோகமா என்ற கவலை இல்லை. வாயில் வைத்த சில நிமிஷங்களிலேயே எச்சில் புரதம் மேலே படிகிறது. சில மணி நேரத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் வந்து ஒட்டும். இவை பெரும்பாலும் சாதுக்கள். சுத்தம் செய்யாமல் விட்டால் ஃபியூசோபாக்டீரியம் வந்து, முன்னால் வந்தவர்களையும் பின்னால் வருகிறவர்களையும் கோத்துப் பிடிக்கும் பாலமாகிறது. அதன்பின் காற்றில்லாத இடுக்கில் வாழும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற வில்லன்கள் குடியேறுவார்கள். பசை போன்ற படலத்துக்குள் எல்லோரும் கூட்டுக் குடித்தனம். வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்துத்தான் எடுக்கணும்.

இன்னொரு சங்கதி. சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்கே புகுந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அவை பக்கவாட்டில் சும்மா சாய்ந்து நிற்கின்றன. வேலி பலவீனம், அதனால் வீக்கம் சீக்கிரம் எலும்புவரை இறங்குகிறது. ஈறோடு நின்றால் மியூகோசைட்டிஸ். சுத்தம் செய்தால் சரியாகும். எலும்பு கரைய ஆரம்பித்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். போன எலும்பு தானாகத் திரும்பாது. 2015-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முதலாவது சராசரியாக 43 சதவீதம் பேருக்கும் இரண்டாவது 22 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டது. சிகரெட், கட்டுப்படாத சுகர், பழைய ஈறு நோய் இருந்தால் ரிஸ்க் அதிகம். பக்கத்துப் பற்களின் ஈறு இடுக்கிலிருந்தே கிருமிகள் புது வீட்டுக்கு மாறி வரும். சித்தப்பாவுக்கு ஈறு நோயைச் சரிசெய்யாமலே இம்ப்ளான்ட் போட்டார்கள். நானும் கேட்கவில்லை, இஎம்ஐ-தான் கேட்டேன்.

இப்போ பணத்துக்கு வருவோம். 35,000 என்பது பைக்கோட ஷோரூம் விலை மாதிரி, சர்வீஸ் தனி. எங்களுக்கு ஒரு தடவை செக்கப், கிளீனிங் 1,500 ரூபாய். வருஷத்துக்கு இரண்டு என்றால் 3,000. பத்து வருஷத்தில் 30,000. கிட்டத்தட்ட இன்னொரு இம்ப்ளான்ட்! நாங்கள் அதை மிச்சம் பிடித்தோம். கடைசியில் கழற்றவும், எலும்பு நிரப்பவும், புதுசு போடவும் கேட்ட தொகை முதலில் கட்டியதைவிட அதிகம்.

கம்பெனி பாலிசி உதவுமா? பெரும்பாலானவற்றில் விபத்து தவிர பல் சிகிச்சை கிடையாது. ஓபிடி ரைடர் இருந்தால் அதில் பல் உண்டா, வரம்பு எவ்வளவு என்று படித்துப் பாருங்க. கையெழுத்துக்கு முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி: ஈறு நோய் இருக்கா? பராமரிப்புக்கு வருஷம் எவ்வளவு? பதில் வந்ததும் அந்தத் தொகையை 12-ஆல் வகுத்து ஒரு ஆர்டி போட்டுடுங்க. வருஷம் 6,000 என்றால் மாதம் 500.

சித்தப்பா இரண்டாவது இம்ப்ளான்ட் வேண்டாம் என்றுவிட்டார். ஈறு சிகிச்சை முடிந்து, கழற்றி மாட்டும் பல்லோடு இருக்கிறார். பல் இடுக்குக்கான குட்டி பிரஷ்ஷைத் தறி மேலேயே செருகி வைத்திருக்கிறார். அடுத்த கிளீனிங் தை மாதம், பொங்கல் முடிஞ்சதும்.