கோல்ஃப் மட்டையும் சிலம்பக் கம்பும்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் நாற்பது வயதைக் கடந்தபின் கோல்ஃப் ஆட்டத்தில் ஈடுபடத் தொடங்கியிருப்பது நேயர்கள் அறிந்ததே. ஊரில் இருந்தவரை அம்மட்டையைக் கண்ணாலும் கண்டிராதவர்கள், இங்கே அலுவலகத் தோழர்கள் அழைக்க, மறுக்க மாட்டாமல் திடலுக்குச் சென்று, பின்னர் அதிலேயே ஆழ்ந்துவிட்டனர். மகிழ்ச்சியே. ஆயினும் ஞாயிறன்று ஆடச் சென்றவர் திங்களன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், இல்லத்தரசியர் தைலம் தேய்த்தே சலித்துப்போனதையும் கேள்வியுறுகிறோம். அடிமுதுகும் முழங்கையும் நொந்து, ஆட்டத்தையே கைவிட்டவரும் உளர். வீச்சு என்பதைக் கையின் வேலை என்று கருதியதே இத்துன்பத்திற்குப் பெருங்காரணம்.

இதனை நாம் உணர்ந்தது கோல்ஃப் திடலில் அன்று, காட்டாக்கடையில். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களை அறிந்தவர்களுக்கு அவ்வட்டாரத்தின் பழங்கதை தெரிந்திருக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நடுவே விழுந்ததேயன்றி, ஆசான்மார் கற்பித்த அடிமுறையும் கம்பு வீச்சும் இருபுறத்தும் நிலைத்தன.

சென்ற விடுமுறையில் அங்கே உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து எம்முடன் வந்திருந்த இளைஞன் ஒருவன் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய முற்றத்தில் மட்டையை ஓங்கி ஓங்கி வீசிப் பழகிக்கொண்டிருந்தான். முற்றத்து மண் பெயர்ந்ததே தவிர, பந்து பத்தடிக்கு அப்பால் உருளவில்லை. இளமையில் ஆசானிடம் கம்பு பயின்ற முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மக்களே, பாம்பையா அடிக்கிறாய்?” என்றார்.

“இல்லை பாட்டா, பந்தைத்தான் அடிக்கிறேன்.”

“அப்படியானால் கையாலே ஏன் அடிக்கிறாய்? காலாலே அடி.”

இளைஞன் சிரித்தான். முதியவர் எழுந்து, மூலையில் கிடந்த கம்பை எடுத்து, மிக மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். முதலில் பாதம் நிலத்தை அழுத்தியது. பின் முழங்கால், பின் இடுப்பு, அதன்பின் தோள். கம்பு எல்லாவற்றிற்கும் பின்னால் வந்தது. அடுத்து விரைவாக ஒருமுறை வீசினார். கம்பு கீழே வரும்போது சீறிய ஒலி இன்னும் நம் செவியில் நிற்கிறது.

மேனாட்டு ஆட்டக்காரர்களும் அறிவியலாரும் கூறுவது இதுவே. பென் ஹோகன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் 1957இல் வெளியிட்ட நூலில், கீழ்நோக்கிய வீச்சைத் தொடங்க வேண்டியது இடுப்பே என்று வற்புறுத்தினார். கால் தரையை உதைக்க, இடுப்பு திரும்புகிறது. இடுப்பின் விரைவு மார்புக்கும், மார்பின் விரைவு கைகளுக்கும், கைகளின் விரைவு மட்டைக்கும் செல்கிறது. ஒவ்வொன்றும் தன் விரைவை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தான் தணிகிறது. மாட்டுவண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கும்போது பிடி சிறிதே அசைய, நுனி சீறிப் பாய்வதை நினைவுகூர்க. தொழில்முறை ஆடவர் நெடுமட்டையை வீசும்போது அதன் தலை மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விரைவை எட்டுகிறது. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்நேரத்தில் கை புதிதாக என்ன செய்துவிட இயலும்?

அடிமுதுகு வலியின் மருமமும் இதிலேயே உள்ளது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முன்னும் பின்னும் வளைவதற்கு ஏற்றது, முறுக்கிக்கொள்வதற்கு அன்று. நன்கு திரும்ப வல்லவை இடுப்பு மூட்டுகளும் மார்புப் பகுதியுமே. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்கு இவ்விரண்டும் இறுகிவிடுகின்றன. அவை திரும்பாதபோது, திரும்பக் கூடாத அடிமுதுகு அவ்வேலையை ஏற்று வருந்துகிறது.

சிலம்பம் அறிந்தவர் அன்றே கோல்ஃபும் அறிந்தவராவார் என்று நாம் கூற வரவில்லை. மட்டையைக் கையில் வாங்கிய முதியவர் முதல் வீச்சில் பந்தைத் தொடவேயில்லை! கம்பு வீச்சில் கால்கள் இடம் பெயர்கின்றன; கைகள் கம்பின்மீது ஓடுகின்றன. கோல்ஃபில் நின்ற இடத்திலிருந்தே உடல் திரும்ப வேண்டும், பிடியும் மாறுவதில்லை. இரண்டாம் வீச்சில் பந்து ரப்பர் மரங்களுக்கிடையே சென்று மறைந்தது, தேடியும் கிடைக்கவில்லை.

பிடியைப் பற்றி மிகவும் கவலைப்படும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. கரும்புத் தோட்டங்களுக்காக 1860 முதல் நம்மவர் கப்பலேறிச் சென்ற நேட்டாலில், இந்திய வழியினரான பாப்வா சிவகோலம் என்பவர் இருந்தார். டர்பனில் பிறர் மட்டைகளைச் சுமந்து பிழைத்தவர். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைப்பது மரபு; இவரோ அதனைத் தலைகீழாக மாற்றிப் பிடித்தார். அப்பிடியோடே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பந்தயத்தை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனையும் வென்றபோது, வெள்ளையர் உள்ளே இருக்க, இவருக்கு மன்றத்தின் வெளியே மழையில் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் தம் நாட்டிலேயே பெரும் பந்தயங்களில் ஆட இயலாதபடி தடுக்கப்பட்டு, 1978இல் மறைந்தார். அவர் கை மாறியிருந்தது. உடலின் ஒழுங்கு மாறவில்லை.

இனி வீட்டில் செய்யத்தக்கவை. கம்பு ஒன்றைத் தோள்களின்மேல் குறுக்கே வைத்து, கால்களைத் தோளகலம் அகற்றி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, மெல்ல இருபுறமும் திரும்புக. தோள் கால்வட்டம் திரும்பும்போது இடுப்பு அதில் பாதி திரும்பினால் போதும். அடுத்தது, முதியவர் காட்டிய சுவடுக்கு நெருங்கியது. கால்களைச் சேர்த்து நின்று கம்பைப் பின்னே கொண்டுசெல்க; அது உச்சியை அடையுமுன்பே இடக்காலைப் பந்து செல்லும் திசையில் எடுத்து வைத்து, அதன்பின் வீசுக. கால் முந்திக் கம்பு பிந்த வேண்டும். மூன்றாவதாக, மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வீசிச் சீற்றொலியைக் கேட்க. பந்து இருக்க வேண்டிய இடத்திற்கு முன்பே ஒலி எழுமாயின், கை அவசரப்படுகிறது என்று பொருள்.

இடக்கையர் திசைகளை மாற்றிக்கொள்க. ஒவ்வொன்றும் பத்து முறை போதும். கூடத்தில் விளக்கு தொங்குமாயின் வெளியே சென்று செய்வது நலம். முதுகு வலி காலுக்கு இறங்குவோர் இவற்றை மேற்கொள்ளாது முதலில் மருத்துவரைக் காண்க.