படப்பை வட்டார ஏரிகளில் வேட்டை, மீன்பிடிப்பு, பறவை நோக்கல்

படப்பை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் வண்டலூர்–வாலாசாபாத் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊராகும். ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதிகளுக்கு அருகில் உள்ள இவ்வூரைச் சுற்றிப் பல பாசன ஏரிகள் உள்ளன. தொழிற்சாலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்ட இந்த ஏரிகள் வேளாண்மைக்கு நீர் தருவதுடன், மீன்பிடிப்புக்கும் பறவைகளின் வாழ்விடத்துக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்பட்டு வருகின்றன. ஒரு காலத்தில் இவற்றில் பறவை வேட்டையும் நடந்தது. இன்று வேட்டை முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மீன்பிடிப்பு குத்தகை முறையில் நடைபெறுகிறது. பறவை நோக்கல் எல்லோருக்கும் திறந்த பொழுதுபோக்காக உள்ளது. இம்மாற்றத்துக்கு வழிகாட்டிய இடம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கல் ஆகும்.

ஏரிகளின் அமைப்பு

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் பெரிய ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கும் நீரைத் தேக்கி வைக்கவே ஏரிகள் அமைக்கப்பட்டன. மழைநீர் வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வருகிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஏரி நிரம்பிய பின் மிகுதி நீர் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரியைச் சேர்கிறது. படப்பை, மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் இறுதியில் அடையாற்றில் கலக்கிறது.

இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் படப்பைக்கு வடக்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி. இதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 24 அடி. முன்பு பாசன ஏரியாக இருந்த இது, இன்று சென்னையின் முதன்மைக் குடிநீர் ஆதாரங்களில் ஒன்றாகும்.

பறவை வேட்டை

ஏரிகளில் நீர் நிற்கும் மாதங்களில் வாத்துகள், உள்ளான்கள், நாரைகள், கொக்குகள் பெருமளவில் கூடும். உள்ளூர் மக்கள் கண்ணி வைத்தும் வலை விரித்தும் இவற்றைப் பிடித்தனர். நிலக்கிழார்களும், பின்னர் ஐரோப்பிய அதிகாரிகளும் படைவீரர்களும் துப்பாக்கியால் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர்.

வேடந்தாங்கல் என்னும் பெயரே இதற்குச் சான்று. 'தாங்கல்' என்பது சிறிய பாசன ஏரியைக் குறிக்கும். 'வேடனின் தாங்கல்' என்பதே ஊர்ப் பெயருக்குத் தரப்படும் பொருள்.

வேடந்தாங்கல் ஊராரும் கவுலும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர்கள் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் அதை எதிர்த்துச் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று அவர் ஊராருக்கு ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், வழங்கினார். 1858இல் இவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அரசு இவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது.

ஊரார் பறவைகளைக் காத்ததற்கு அன்பு மட்டுமன்றி வேளாண்மையும் காரணமாக இருந்தது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுவதால் நீரில் தழைச்சத்து கூடுகிறது. அந்த நீர் பாயும் வயல்களுக்கு அது உரமாகிறது. நத்தை குத்தி நாரை, பயிருக்குக் கேடு செய்யும் நத்தைகளைத் தின்கிறது. எனவே ஒரு பறவையைச் சுட்டால் வேட்டைக்காரருக்கு ஒரு வேளை இறைச்சி கிடைக்கும். ஊருக்கோ உரம் குறையும். இந்தக் கணக்கை ஊரார் அறிந்திருந்தனர். கூடுகட்டும் பறவைகள் கலையாதிருக்க, தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் அவர்கள் தவிர்த்து வருகின்றனர்.

இராசத்தானின் பரத்பூரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கிருந்த கேவலாதேவ் சதுப்புநிலம் அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாகப் பேணப்பட்டது. 1938இல் ஒரே நாளில் 4,273 பறவைகள் அங்கு சுடப்பட்டன. பின்னாளில் வேட்டை நிறுத்தப்பட்டு அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கு வேட்டைக்காகக் காக்கப்பட்ட நீர்நிலை சரணாலயமாக மாறியது. வேடந்தாங்கலில் வேட்டையை எதிர்த்தே சரணாலயம் உருவானது.

இன்றைய சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடை செய்கிறது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டைக்கான உரிமமும் இல்லை. கண்ணி வைப்பது, வலை விரித்துப் பறவை பிடிப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது ஆகியவையும் இச்சட்டத்தின்படி வேட்டையே. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டுகளுக்குக் குறையாத, 7 ஆண்டுகள் வரையிலான சிறைத் தண்டனை உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் பல பொது நீர்த்தேக்கங்களில் உரிமம் பெற்று வாத்து வேட்டையாடலாம். அந்தக் கட்டணம் வாழிடப் பாதுகாப்புக்குச் செலவிடப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

சரணாலயம் அல்லாத ஏரிக்கும் இத்தடை பொருந்தும். படப்பை ஏரியில் இறங்கும் கூழைக்கடாவுக்கும் வேடந்தாங்கலில் இறங்கும் கூழைக்கடாவுக்கும் சட்டம் ஒன்றே. வேறுபாடு வாழிடத்தில்தான் உள்ளது. சரணாலயத்தில் மரம், நீர், மீன் ஆகியவையும் சேர்த்துக் காக்கப்படுகின்றன. மற்ற ஏரிகளில் பறவைக்கு உள்ள பாதுகாப்பு, அது உண்ணும் மீனுக்கும் அமரும் மரத்துக்கும் இல்லை.

மீன்பிடிப்பு

பொது ஏரி என்பதால் அதிலுள்ள மீனும் பொது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. இது மீன்பாசி குத்தகை எனப்படும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற மீன்குஞ்சுகளை விட்டு வளர்த்து, நீர் குறையும் கோடையில் பிடித்து விற்கிறார். விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை போன்ற நாட்டு மீன்கள் இயல்பாகவே ஏரிகளில் வாழ்கின்றன. ஜிலேபி எனப்படும் திலாப்பியா அயல் இனமாகும். வேகமாகப் பெருகி நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

தூண்டில் போட விரும்புபவர் ஏரி யார் பொறுப்பில் உள்ளது, குத்தகை உள்ளதா என்பதை ஊராட்சியிலோ மீன்வளத் துறையிலோ முதலில் கேட்டறிய வேண்டும். வெடி, நஞ்சு கொண்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துள்ளது. வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் தூண்டிலுக்கும் இடமில்லை. அங்குள்ள மீன் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் உரியது.

பறவை நோக்கல்

நவம்பர் முதல் மார்ச் வரை பறவை நோக்க ஏற்ற காலம். நீர்க்காகம், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றை இம்மாவட்ட ஏரிகளில் காணலாம். ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வடக்கிலிருந்து வலசை வருகின்றன. காலையும் மாலையும் ஏற்ற நேரங்கள். கரையிலிருந்தே தொலைநோக்கியால் பார்ப்பதும், கூடுகளை நெருங்காதிருப்பதும் நல்ல பழக்கம்.

ஒவ்வொரு சனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. இதில் மாணவர்களும் தன்னார்வலர்களும் பங்கேற்கலாம். சரணாலயம் அல்லாத ஏரிகளுக்கு இத்தகைய பதிவுகள் மிகவும் முக்கியமானவை. ஓர் ஏரிக்கு எத்தனை பறவைகள் வந்தன என்னும் பதிவு இல்லாவிட்டால், அவை வராமல் போனதையும் காட்ட இயலாது.

பாதுகாப்பு

- சவுடு மண் எடுத்த ஏரிகளில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். நீர் நிரம்பிய பின் அவை வெளியே தெரியா. நீச்சல் தெரிந்தவர்களும் இவற்றில் மூழ்கி இறந்துள்ளனர்.
- மழைக்காலத்தில் கலங்கலின் மேல் நிற்பதும் போக்குக் கால்வாயில் இறங்குவதும் ஆபத்தானவை. 2015 திசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது.
- அறுந்த தூண்டில் நரம்பையும் நெகிழிப் பைகளையும் கரையில் விட்டால் பறவைகளின் காலிலும் அலகிலும் சிக்கும்.

இன்றைய நிலை

2022இல் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. படப்பை வட்டாரத்தில் வேளாண்மை சுருங்கி, கிடங்குகளும் குடியிருப்புகளும் பெருகி வருகின்றன. வரத்துக் கால்வாய் அடைபட்டாலும் கழிவுநீர் கலந்தாலும் மீனும் பறவையும் ஒருசேரக் குறையும். வேடந்தாங்கல் ஏரியைக் காத்தவர்கள் அதன் நீரால் பயிர் செய்தவர்கள். பயிர் செய்வோர் குறைந்துவிட்ட ஊர்களில் ஏரியால் பயன் பெறுபவர்கள் மீன் பிடிப்போரும், நடைபயில வருவோரும், பறவை நோக்குவோரும், நிலத்தடி நீரைக் குடிக்கும் குடியிருப்பாளர்களுமே. ஏரியைக் காக்கும் பொறுப்பும் இனி அவர்களையே சாரும்.