அலை உடையாத இடம்

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பள்ளி மாணவர்களுக்குச் சாகசம் என்றால் மலையேற்றம் அல்ல, கடலில் இறங்குவதுதான். கட்டணம் இல்லை, வழிகாட்டியும் இல்லை. ஆபத்தை அவர்கள் எடைபோடும் முறையும் எளிது: பெரிய அலை என்றால் பயம், அலை இல்லையென்றால் பயமில்லை. சிக்கலே இந்தக் கணக்கில்தான்.

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருந்தால் அதன் வழியே ஓடைபோலப் பாயும். அங்கே ஆழம் அதிகம்; அதனால் அலை அவ்வளவாக உடையாது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் கலங்கலான, அமைதியான பட்டை தெரியும். குளிக்க வருபவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான்! வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். பதக்கம் வாங்கிய நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

நம் கரையில் இன்னொன்றும் உண்டு. இங்கு ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். குடியிருப்புகளைக் காப்பவை அவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரையோரமாக ஓடிவரும் நீர் தூண்டில் வளைவில் மோதி, அதன் ஓரமாகவே கடலுக்குத் திரும்பும். குளம்போலத் தெரியும் அந்த மூலையில் இழுப்பும் இருக்கும், பாசி படிந்த கல்லும் இருக்கும்.

"நூறு தடவை குளிச்சிருக்கேன் சார், ஒண்ணும் ஆகல" என்பான் மாணவன். அவன் சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே பதில்: ஆபத்து நேர வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் மீள வழி உண்டா என்பது வேறு கேள்வி. கபடியில் அடிபட வாய்ப்பு மிக அதிகம். ஆனால் மருந்து போட்டு மறுநாள் ஆடலாம். கடலில் வாய்ப்பு குறைவு, மீளக் கிடைப்பதோ சில நிமிடங்கள்.

வயதும் படிப்பும் இதில் உதவுவதில்லை. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் கடலில் மூழ்கி இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. எங்கோ தொலைவில் வீசிய காற்றால் எழுந்து வரும் அலை அது. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வரும். வானத்தைப் பார்த்து அதை அறிய முடியாது.

வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம், எந்தக் கல் அருகே வலை இழுக்கும் என்று தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்து மீட்பு. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல் மிதக்க வேண்டும். பிறகு கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்த வேண்டும். பார்த்தவர் குதிக்கக் கூடாது. மூடி போட்ட காலித் தண்ணீர் கேனையோ கயிற்றையோ எறிந்துவிட்டு, அருகிலுள்ள மீனவர்களைக் கூவி அழைக்கட்டும். இன்னொருவர் 108க்குப் பேசட்டும். கேனை எறிவதைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். முதல் முறை எறியும்போது பலருக்கும் குறி தவறும்.