பழைய நேரமா, புதிய நேரமா? குறிப்புகளில் தொலைந்துபோன அரை மணித்தியாலம்

1996 க்கும் 2006 க்கும் இடையில் இலங்கையில் பிறந்தவர்களுக்கு இப்போது கலியாண வயது. குறிப்புகள் கைமாறுகின்றன, வட்ஸ்அப்பில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகின்றன. ஒரே பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் கணித்த குறிப்பில் ஒரு லக்கினமும், ரொறன்ரோவில் கணினியில் கணித்த குறிப்பில் வேறொரு லக்கினமும் வருகின்றன. எந்தச் சாத்திரி பிழை என்று வீட்டில் வாக்குவாதம். பல இடங்களில் இரண்டு சாத்திரிமாரும் கணக்கைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். பிறந்த நேரம் எந்த மணிக்கூட்டின் நேரம் என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1996 இல் நாட்டில் கடும் மின்வெட்டு. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அரசாங்கம் அந்த ஆண்டு மே 25 அன்று மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதுவரை கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த இலங்கை, ஆறரை மணித்தியாலம் முன்னால் போனது. அது கூடிப்போனதால் ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்வாங்கி, ஆறு மணித்தியாலத்தில் நின்றது. அடுத்த ஒன்பதரை ஆண்டுகள் அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15 அதிகாலையில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம்.

ஆனால் நாடு முழுவதும் மணிக்கூட்டை மாற்றவில்லை. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை; அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலையைத் தாண்டி வன்னிக்குள் போனால் அரை மணித்தியாலம் பின்னால் போவீர்கள்; ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் மறுபடி முன்னால். ஒரே தீவில், ஒரே வீதியில், இரண்டு நேரம்.

இதில் சிக்கல் கூடுவது ஊர்கள் கைமாறிய இடங்களில். கிளிநொச்சி 1996 செப்ரெம்பரில் இராணுவத்திடம் போய், 1998 செப்ரெம்பரில் மறுபடி புலிகளிடம் வந்தது. ஆகவே ஊரின் பெயர் மட்டும் போதாது. அந்த மாதத்தில் அங்கே யாருடைய நேரம் ஓடியது என்பதும் வேண்டும்.

ஓர் உதாரணம். 1999 இல் யாழ்ப்பாணத்தில் காலை 6.10 க்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று வையுங்கள். அப்போது அங்கே புதிய நேரம். ஆறு மணித்தியாலத்தைக் கழித்தால் கிறீன்விச் நேரம் 12.10 அதிகாலை. இதைத் தெரியாத ஒருவர், இலங்கை என்றால் ஐந்தரைதானே என்று கழித்தால் 12.40 வரும். அரை மணித்தியாலம் பிழை.

அதே நாள் அதே 6.10 க்குப் புதுக்குடியிருப்பில் பழைய நேரப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதன் சரியான கிறீன்விச் நேரம் 12.40. இப்போது பிழைவிடுவது கணினி. கைபேசிகளும் பெரும்பாலான சாதகச் செயலிகளும் உலக நேர வலயங்களின் வரலாற்றை ஒரு பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கின்றன. அதில் இலங்கைக்கு ஒரே பதிவு, கொழும்பு. 1999 என்று கொடுத்தவுடன் அது தானாகவே ஆறு மணித்தியாலத்தைக் கழிக்கும். வன்னியின் நேரத்துக்கு அங்கே இடமில்லை. வன்னியில் பிறந்தவருக்குச் செயலியில் நேர வித்தியாசத்தை 5.30 என்று கையால் மாற்றிப் போட வேண்டும்.

அரை மணித்தியாலம் பெரிய விசயமா? பிறந்த நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். லக்கினம் அப்படியல்ல. 24 மணித்தியாலத்தில் 12 இராசிகளும் உதிப்பதால் ஒரு லக்கினத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்தான்; அதில் அரை மணித்தியாலம் கால்வாசி. நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடலாம். லக்கினம் மாறினால் அதிலிருந்து எண்ணும் வீடுகளும் மாறும், செவ்வாய்க் குற்றம் வரும் அல்லது போகும். நவாம்சத்தில் ஒரு பங்கு 13 நிமிடம்தான் என்பதால் அது தப்ப வழியே இல்லை. சாத்திரத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு பெண்ணின் சம்பந்தத்தை மணிக்கூட்டுக் கணக்கில் வந்த பிழைக்காகக் குழப்புவதை நம்புகிறவர்களும் ஏற்கமாட்டார்கள்.

புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே வழிதான்: முதலில் கிறீன்விச், பிறகு தேவையான ஊர். ஜூலையில் ரொறன்ரோவில் அதிகாலை 3 மணிக்குப் பிறந்தால், அங்கே கோடைகால நேரம் என்பதால் நாலு மணித்தியாலம் கூட்ட வேண்டும். கிறீன்விச் காலை 7, இப்போதைய இலங்கை நேரம் பகல் 12.30. ஐந்தைக் கூட்டினால் ஒரு மணித்தியாலம் தவறும். 2007 முதல் அங்கே கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்குகிறது. அதற்கு முன் ஏப்ரல் முதல் ஞாயிறு. 2000 மார்ச் கடைசியில் பிறந்தவருக்கு இன்றைய விதியைப் போட்டால் பிழை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறுவதால், இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் ஐந்தல்ல, நாலு மணித்தியாலம்.

திவசத்துக்கும் இது பொருந்தும். திதி முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம், மணிக்கூடுதான் வேறு. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு முடியும் திதி, மாரிகாலத்தில் ரொறன்ரோவில் சனி மாலை 6.30 க்கே முடிந்துவிடும். பஞ்சாங்கத்தில் உள்ள திகதியை அப்படியே எடுத்து அங்கே ஞாயிறு படைத்தால், அந்த நாளில் அந்தத் திதியே இல்லை.

வீட்டுப் பெரியவர்களின் பழைய குறிப்புகளிலும் கவனம் தேவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் அந்த செப்ரெம்பரில் இன்னொரு அரை மணித்தியாலமும் நேரம் முன்தள்ளப்பட்டு, 1945 ஒக்டோபரில்தான் மீண்டது.

வைத்தியசாலைத் துண்டையோ அம்மம்மாவின் கொப்பியையோ எடுக்கும்போது, எழுதியவர் உயிரோடு இருந்தால் அது பழைய நேரமா புதிய நேரமா என்று இப்போதே கேட்டு, பக்கத்தில் எழுதிவையுங்கள். சிலர் சாத்திரிக்குக் கொடுக்க வசதியாகப் பழைய நேரத்துக்கு மாற்றியே எழுதியிருப்பார்கள். அதைத் திரும்பவும் மாற்றினால் பிழை மறுபக்கம் போகும். 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.15 என்று இருந்தால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அன்று 12.30 க்கு மணிக்கூட்டை மறுபடி 12 க்குத் திருப்பியதால் அந்த 12.15 இரண்டு தடவை வந்தது.