கட்டாயமா, விருப்பமா?

“கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடணும்” என்று பத்திரிகை வைக்கிறோம். வராவிட்டால் மனஸ்தாபம்தான், வழக்கு வராது. அதே ‘கட்டாயம்’ சட்டத்துக்குள் போனால் முகமே மாறிவிடும்; மீறினால் தண்டனை.

தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. நகையை எடுத்த கையோடு ஆரணிக்குப் போய் முகூர்த்தப் பட்டு எடுக்கிறீர்கள். அங்கே சேலையில் தொங்குகிற சில்க் மார்க் அட்டை, மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்தது. அது விருப்பம்தான். அட்டை இல்லை என்பதாலேயே சேலை போலி ஆகிவிடாது.

தறியில் கதை வேறு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. இப்போது 11. கூடுதல் பாவு, ஊடை கொடுத்துச் சரிகை வேலை செய்த பட்டுச் சேலை அதில் ஒன்று. அதை விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் வந்தபோது எழுதியிருந்தது. இந்தச் சட்டம் செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 5,000 ரூபாய்க்கு இன்று ஒரு நல்ல முகூர்த்தப் பட்டுகூட வராதே!

ஆகவே நேயர்களே, கடையில் “சுத்தப் பட்டா?” என்று கேளுங்கள். “கைத்தறியா?” என்று தனியாகவும் கேளுங்கள். சில்க் மார்க் நூலுக்குத்தான் சாட்சி, தறிக்கு அல்ல.