பழைய பேலட் பலகையில் கடைத் தட்டுகள்: முத்திரை பார்த்து வாங்குவோம்

கடைக்குப் புதிதாகத் தட்டுகள் அடிப்பது என்றால் ஒட்டுப்பலகை, சட்டம், ஆசாரி கூலி என்று ஒரு பெரும் தொகை போய்விடுகிறது. அந்தத் தொகையைச் சரக்கில் போட்டால் புரளும்; பலகையில் போட்டால் முடங்கும். சிறு வணிகர்களாகிய நாம் அனைவரும் அறிந்த கணக்கு இது.

நமது முன்னோர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தேயிலை வந்த பெட்டியைப் பிரித்துத் தட்டு அடித்தார்கள். காலி எண்ணெய் டின்னை வெட்டிப் பருப்பு அள்ள வைத்துக்கொண்டார்கள். கடைக்கு வந்த எதையும் வீணாக்கியதில்லை.

இன்று அந்த இடத்துக்குப் பேலட் பலகை வந்திருக்கிறது. பெரிய ஏரியால் பெயர் பெற்ற நமது தென்னேரி வட்டாரத்தைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளுக்கு வெளிநாட்டு உதிரிபாகங்களும் இயந்திரங்களும் மரப்பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ஏறி வருகின்றன. பெரும்பாலும் பைன் மரம். வேலை முடிந்தபின் அவை பழைய சாமான் வியாபாரிகளிடம் போய்ச் சேர்கின்றன. கைத்திறன் உள்ள ஆசாரி அவற்றைக் கொண்டு பெஞ்சு, மேசை, தட்டு எல்லாம் செய்து தருவார்.

ஆனால் மளிகைக் கடைக்கு வாங்கும் நாம் விலையை மட்டும் பார்த்தால் போதாது. முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும்.

மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாதிருக்க, 2002-இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டின் குறியீடும், பதப்படுத்திய முறையும் பதிக்கப்பட்டிருக்கும். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடமாவது சூடேற்றப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகைமூட்டம் செய்யப்பட்டது. உணவுப் பண்டம் விற்கும் நாம் 'எச்.டி.' மட்டும் வாங்குவதே நல்லது.

முத்திரை இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பிறகு அதன்மேல் எந்த ரசாயனம் சிந்தியது என்பதை முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறை, நிறமாற்றம், காரமான நெடி, மக்கிய வாடை உள்ள பலகை என்ன விலை குறைந்தாலும் வேண்டாம். 2010-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மாத்திரைகளில் மக்கிய வாடை வந்து, ஏராளமான சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தது. மரப் பேலட்டில் பூசிய ரசாயனத்திலிருந்து வந்த வாடை அது என்று கண்டறிந்தார்கள். மூடிய புட்டிக்கே அந்தக் கதி என்றால், நமது திறந்த மூட்டை அரிசியும் மாவும் தேயிலையும் என்ன ஆகும்?

வேலை செய்யும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேலட்டில் அடித்த ஆணி எளிதில் கழலாது; நெம்பினால் பலகை பிளக்கும். இடைவெளியில் ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்துப் பிரிப்பதே சரி. உள்ளே தங்கிய ஆணித் துண்டுகளை எடுத்த பிறகே இழைப்புளி போட வேண்டும். உப்புத்தாள் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, வார்னிஷ் பூசலாம். பூச்சு வாடை முழுதும் போன பின்பே சரக்கு ஏற்ற வேண்டும்.

பைன் மென்மையான மரம். சோப்பு, பிஸ்கட், பாக்கெட் சாமான் வைக்கும் தட்டுக்குத் தாங்கும். அரிசி மூட்டை, எண்ணெய் டின் வைக்கும் இடத்தில் நெருக்கமாகத் தாங்குசட்டம் கொடுக்க வேண்டும். காலுக்குக் கடினமான மரம் போடுவது உத்தமம். சூடேற்றிய மரம் என்பதால் கரையான் வராது என்று நம்பிவிடக் கூடாது. சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஈரம் படாமல் வைக்க வேண்டும். பிரித்த பண்டம் எதுவும் நேரே பலகையில் படக் கூடாது.

இவ்வளவும் பார்த்து வாங்கினால், அடுப்புக்குப் போக வேண்டிய மரம் நமது கடையில் பல ஆண்டு உழைக்கும். பார்க்காமல் வாங்கினால், பலகையில் மிச்சம் பிடித்ததைச் சரக்கில் இழப்போம். வாடிக்கையாளர் நம்பிக்கையையும் சேர்த்து இழப்போம்.